நேராகப் பார்க்கும் படம்

கண்ணாடியைக் கழற்ற மாட்டேன், ஓவியரே. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் அடிக்கிறது, சன்னல் தெரிகிறது, அது தெரிகிறது, இது தெரிகிறது என்று சொல்லாதீர்கள். தெரிந்தால் தெரியட்டும். இந்த ஆள் கண்ணாடி போட்டிருந்தான், கண்ணாடி வழியாகத்தான் எல்லாவற்றையும் பார்த்தான் என்று பிற்காலத்துக்குத் தெரியவேண்டும்.

இன்னொரு நிபந்தனை. என் கண் நேராகப் பார்க்கவேண்டும். படத்துக்கு முன்னால் எவன் வந்து நிற்கிறானோ அவனை. அவன் இடப்பக்கம் நகர்ந்தால் இடப்பக்கம், வலப்பக்கம் நகர்ந்தால் வலப்பக்கம். பரீட்சை அறையில் மேற்பார்வையாளன் பார்ப்பானே, அந்த மாதிரி. மேலே தூக்கிய கண் எனக்கு வேண்டாம். நீங்கள் வரைந்த தலைவர் படங்களை ஜங்ஷன் பக்கம் பார்த்தேன். எல்லாத் தலைவர்களும் வலப்பக்கம் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே என்னதான் இருக்கிறது என்று நானும் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கை நல்ல கை. மூக்கு வரைகிற கை. கண்ணில்தான் எல்லாரையும் போல நீங்களும் ஏமாற்றுகிறீர்கள்.

இந்த நாற்காலியை நகர்த்தக் கூடாது. வெளிச்சத்துக்காக இங்கே போட்டிருக்கிறேன். நீங்கள் சன்னலுக்கு முதுகு காட்டி உட்காருங்கள், நான் உங்களைப் பார்த்து உட்காருகிறேன். ஆயிற்று. கையை ஓட்டுங்கள். நான் பேசுவேன். வாய் அசைந்தால் என்ன, கண் அசையாது.

உயிரோடு இருக்கிறவன் எதற்குப் படம் வரையச் சொல்கிறான் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். எங்கள் கல்லூரித் தமிழ்த்துறை அரங்கில் முன்னாள் தலைவர்கள் வரிசையாகத் தொங்குகிறார்கள். செத்த பிறகுதான் மாட்டுவார்கள். அதுவரை ஆணி மட்டும் அடித்து வைத்திருப்பார்கள். என் ஆணியை நானே பார்த்திருக்கிறேன். செத்ததும் பழைய அடையாள அட்டையிலிருந்து ஒரு படத்தைப் பிடுங்கிப் பெரிதாக்கி, பின்னால் நீல ஒளி போட்டு, கண்ணைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, பட்டுத்துணியால் மூடி, ஒரு பெரிய மனிதரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள். படத்திறப்பு விழா. ஆளாளுக்குப் பேசுவார்கள். பிறகு வடை. செத்தவன் எழுந்து வந்து, ‘ஐயா, என் கண் அப்படி இல்லை’ என்று சொல்ல முடியுமா? அதனால்தான் முன்கூட்டியே வரைந்து கொடுத்துவிட்டுப் போகிறேன்.

அதுவும் என் ஆணிக்குப் பக்கத்து ஆணி ஞானசிகாமணியுடையது.

என்ன? இங்கே பார்க்கவேண்டுமா? உங்களைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சரி, சரி.

ஞானசிகாமணியும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் பார்வைகளைப் பற்றித் தலையணை அளவுக்கு ஓர் ஆய்வு நூல் எழுதினேன். கவிதையில், சிற்பத்தில், ஓவியத்தில் யார் யாரை எப்படிப் பார்க்கிறார்கள் என்று. என் மனைவி சங்கரவடிவு அதை மாவுப் பானை மூடிமேல் கனத்துக்கு வைத்திருக்கிறாள். ஞானசிகாமணி ஒன்றும் எழுதவில்லை. இல்லை, தவறு, மெலிந்த ஒரு கவிதைப் புத்தகம் எழுதினான். சோன்பப்டிப் பொட்டலம் அதைவிடக் கனம். ஆனால் வகுப்பில் பாதியில் நிறுத்தி, சன்னல் பக்கம் திரும்பி, எங்கோ பார்ப்பான். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ‘சார் எங்கேயோ போயிட்டாரு’ என்பார்கள். அடுத்த வரி மறந்துபோய் நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். நான் வகுப்பில் நிறுத்தினால் பிள்ளைகள் மணி அடித்துவிட்டது என்று எழுந்துவிடும்.

அவனைத்தான் துறைத்தலைவராக முதலில் போட்டார்கள். அவன் ஓய்வு பெற்ற பிறகு என்னை. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

மூன்று வருடம் முன்பு இறந்துபோனான். படத்திறப்பு வைத்தார்கள். பட்டுத்துணியை விலக்கியதும் அரங்கம் ‘ஆ’ என்றது. அதே நீல ஒளி, தூக்கிய கண், பாதி திறந்த உதடு. கல்லூரியின் புதிய முதல்வர் ஒலிபெருக்கியைப் பிடித்து, ‘அந்தக் கண்களைப் பாருங்கள்! அவை நாளைய தமிழகத்தைப் பார்க்கின்றன!’ என்றார். கைதட்டல். அடுத்து ஒரு மாணவன் அந்தப் பார்வையைப் பற்றியே கவிதை வாசித்தான். அதில் கடல் வந்தது, வானம் வந்தது, விடியல் வந்தது, எல்லாம் வந்தன. நினைவுரை ஆற்ற என்னைக் கூப்பிட்டார்கள்.

நீங்களே சொல்லுங்கள். உண்மை தெரிந்தவன் சும்மா இருக்க முடியுமா?

நான் சொன்னேன்: ‘இந்தப் புகைப்படம் எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். ஞானசிகாமணிக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. படத்துக்குக் கண்ணாடி அழகாக இல்லை என்று கழற்றி என் கையில்தான் கொடுத்தான். ஸ்டூடியோக்காரர் ‘சார், இங்க பாருங்க’ என்றார். எங்கே என்று இவனுக்குத் தெரியவில்லை. குரல் வந்த பக்கம் உத்தேசமாகத் திரும்பினான். அவர் கிளிக் செய்துவிட்டார். ஆகவே, முதல்வர் அவர்களே, இந்தக் கண்கள் நாளைய தமிழகத்தைப் பார்க்கவில்லை. போட்டோகிராபரைத் தேடுகின்றன.’

பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். முன்வரிசை சிரிக்கவில்லை. முன்வரிசையில் அவன் மனைவி எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். விழா முடிந்து நேராக என்னிடம்தான் வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ‘அண்ணே, அவுகளுக்குக் கண்ணு தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா? தெனம் காலையில நாந்தானே கண்ணாடியத் தேடிக் குடுப்பேன். ஆனா கண்ணாடி கெடைக்கிறதுக்கு முன்னாடி அவுக ஒரு மாதிரி பாப்பாவ. அது நல்லா இருக்கும்ணே. அதான் அந்தப் படத்தக் குடுத்தேன்’ என்றாள். பெண்களோடு தர்க்கம் பண்ண முடியாது. கண்ணாடிக்காகக் காத்திருக்கிற முகம் நன்றாக இருக்குமாம்.

மறுபடியுமா? இங்கேதான் ஐயா பார்க்கிறேன். உங்கள் தோளுக்கு மேலே எதையும் பார்க்கவில்லை. அங்கே என்ன இருக்கிறது, என் வீட்டுக் கேட். தினமும் பார்க்கிற கேட்.

சரி, என் கொள்கையைச் சொல்கிறேன், கேளுங்கள். உங்கள் தொழிலுக்கும் உதவும். கனவுப் பார்வை என்று ஒன்று கிடையாது. பார்வைக்கு ஒரு முனை இருந்தால் இன்னொரு முனையும் இருக்கும். கோயில் தூணில் ஒருத்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு எங்கோ பார்ப்பாள். ‘காதல் ஏக்கம்’ என்று கோயிலைச் சுற்றிக் காட்டுகிறவன் சொல்லுவான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் கண்ணிலிருந்து ஒரு நூலைப் பிடித்து, பார்வை போகிற கோட்டில் அப்படியே இழுத்துக்கொண்டு போனேன். எதிர்த் தூணில் ஒரு குரங்கு பலாப்பழம் தின்றுகொண்டிருக்கிறது. அவள் குரங்கைப் பார்க்கிறாள்! கோயில் காவலாளி என்னைத் துரத்தினான், அது வேறு விஷயம். காவலாளிகளுக்கு ஆராய்ச்சி புரியாது.

கருவறையில் இருக்கிற சாமி என்றைக்காவது மேலே இடப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றதுண்டா? சிற்பி கடைசியில்தான் கண் திறப்பான். திறந்ததும் அது எதிரில் நிற்கிற உங்களைப் பார்க்கும். அதனால்தான் கை தானாகக் குவிகிறது. பழைய பாட்டில் ஒருத்தி வாசலில் நின்று பார்க்கிறாள் என்றால் வழியைப் பார்க்கிறாள். போனவன் திரும்பி வருகிற வழி. பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகிறது. அது கனவா? அது கண்ணுக்குக் கொடுத்த வேலை. பின்னால் வந்த கவிராயர்கள் வழியை எடுத்துவிட்டார்கள், போனவனையும் எடுத்துவிட்டார்கள், பார்வையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். விலாசம் எழுதாத தபால். அதைப் போய் ஆழம் என்கிறார்கள்.

இவர்களைவிடக் கல்யாண ஆல்பம் போடுகிறவன் மேல். மணப்பெண்ணைக் கன்னத்தில் கை வைத்து மேலே பார்க்கச் சொல்லுவான். அவள் பார்க்கிற இடத்தில் ஒரு நிலாவைப் போட்டு, நிலாவுக்குள் மாப்பிள்ளை முகத்தை ஒட்டுவான். பார்வைக்கு இன்னொரு முனை வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இதையெல்லாம் அன்றைக்கு மேடையில் சொன்னேன். குரங்குக்குச் சிரித்தார்கள். சிரிப்பு வந்தால் பேச்சாளனுக்கு இன்னும் ஓர் உதாரணம் சொல்லத் தோன்றும். சொன்னேன். ‘குரங்கு எதற்கு, என் வீட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஒரு பெண் சாயங்காலமானால் சன்னலில் உட்கார்ந்து எங்கோ பார்க்கிறாள். அவள் அம்மா, பிள்ளை கனவு காண்கிறாள், கவிதை எழுதப் போகிறாள் என்கிறாள். நான் எழுந்துபோய் அவள் தலைக்குப் பின்னால் நின்று, அதே கோட்டில் பார்த்தேன். எதிர்வீட்டு மாடியில் ஒருவன் துண்டு காயப்போட்டுக்கொண்டிருக்கிறான். அதுவும் பிழியாமல்!’

அரங்கம் அதிர்ந்தது, ஓவியரே. என் வாழ்நாளில் அப்படி ஒரு கைதட்டல் எனக்கு வந்ததில்லை. ஞானசிகாமணிக்குக்கூட வந்ததில்லை.

என் மகள் அப்போது அதே துறையில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். அங்கயற்கண்ணி. நான் வைத்த பெயர். அரங்கில் மாணவிகளோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கு இருப்பது ஒரே பெண் என்று எல்லாருக்கும் தெரியும். மொத்த அரங்கமும் திரும்பி அவளைப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அப்போது ஞானசிகாமணியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வடிவு, காப்பியை அந்த முக்காலியில் வை. அவர் கையில் சாயம் இருக்கிறது பார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். ‘அப்பா, எதுக்குப்பா அப்படிச் சொன்னீங்க?’

‘உண்மையைச் சொன்னேன்.’

‘நான் அவரப் பாக்கலப்பா. அங்க ஒருத்தர் இருக்காருன்னே எனக்குத் தெரியாது.’

‘பின்னே எதைப் பார்த்தாய்?’

‘ஒண்ணையும் இல்ல.’

‘மேகத்தையா?’

‘இல்லப்பா.’

‘காக்காயையா?’

‘ஒண்ணையும் இல்லப்பா! கண்ணு அந்தப் பக்கம் இருந்துச்சு, அவ்வளவுதான். இனிமே நான் எந்தப் பக்கம் திரும்புனாலும் எல்லாரும் அங்க யாரு இருக்கான்னு பாப்பாங்க. நீங்களே சொல்லுங்க, நான் இனி எங்க பாக்கணும்?’

நான் என்ன சொன்னேன்? ‘நேராகப் பார்’ என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்தச் சன்னலை அவள் சாத்தினாள். அதன்பிறகு திறக்கவேயில்லை. எதிர்வீட்டுக்காரன், இசக்கிராஜ் என்று பெயர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியன், விஷயம் காதில் விழுந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டானாம். ‘எம்மேல தப்பு இல்லன்னாலும் என்னால உங்களுக்குக் கேவலமாப் போச்சு’ என்றானாம். வீட்டையும் காலி பண்ணிக்கொண்டு போனான். போகட்டுமே. அவள் அப்புறம்தான் அவனைப் பார்த்தாளாம்! இது அவள் சொல்கிற கணக்கு. ஒரு வருடத்துக்குள் பதிவுத் திருமணம். தூத்துக்குடியில் குடித்தனம்.

இப்போது சொல்லுங்கள். நான் சொன்னது சரியா இல்லையா? அவள் யாரைப் பார்க்கிறாள் என்றேனோ அவனையேதான் கட்டிக்கொண்டாள். இதைவிடச் சான்று எந்த ஆராய்ச்சிக்குக் கிடைக்கும்? அடுத்த பதிப்பில் பின்னிணைப்பாகவே சேர்க்கலாம்.

என்ன, தூரிகையை நிறுத்திவிட்டீர்கள்? வரையுங்கள்.

சாதி பார்க்கிறவன் நான் இல்லை. அவன் வேலையும் தாழ்ந்ததில்லை. துண்டைப் பிழியாமல் காயப்போடுகிறவனிடம் பெண்ணைக் கொடுக்க முடியாது என்று ஒரு தகப்பன் நினைக்கக் கூடாதா? கல்யாணத்துக்கு நான் போகவில்லை. வடிவு போனாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமலே சொன்னாள்: ‘நீங்கதான் தரகர். சபையில வச்சுல்லா பொருத்தம் பாத்துக் குடுத்திய! தரகருக்குக் கல்யாணச் சாப்பாடு இல்லாமப் போச்சேன்னு மாப்பிள்ள வருத்தப்பட்டாரு.’ எப்படிப் பேசுகிறாள் பாருங்கள். என் நூலில் ஒரு பக்கம் படித்ததில்லை.

வடிவுக்கு ஓர் அக்காவும் தூத்துக்குடியில்தான். மாதாமாதம் பார்க்கப் போவாள். அக்காவுக்குச் சர்க்கரை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் டப்பா நிறைய மனோகரம் செய்து எடுத்துக்கொண்டு போகிறாள். வெல்லம் ஒழுகுகிற மனோகரம். நீரிழிவுக்காரிக்கு இப்படிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். ‘அக்காவுக்கு ஒண்ணும் செய்யாது’ என்கிறாள். வைத்திய அறிவு கிடையாது.

பீரோவில் வேட்டி தேடும்போது அந்தக் கல்யாண ஆல்பம் கையில் தட்டுப்பட்டது. தேடிப் போகவில்லை, தட்டுப்பட்டது. முதல் பக்கத்தில் அங்கயற்கண்ணி கன்னத்தில் கை வைத்து மேலே பார்க்கிறாள். நிலா இருக்கிறது. நிலாவில் யாரும் இல்லை. வெறும் நிலா. ஸ்டூடியோக்காரன் மாப்பிள்ளையை ஒட்ட மறந்துவிட்டான் என்று வடிவிடம் காட்டினேன். ‘மறக்கல. ஒட்டாதீங்கன்னு அவதான் சொல்லிட்டா’ என்றாள். ‘மாப்பிள்ளைக்கு வருத்தம் இல்லையா?’ ‘அவரு எதுக்கு வருத்தப்படுதாரு? அவ எங்கயாவது பாத்துக்கிட்டிருந்தா அந்த மனுசன் டி.வி. சத்தத்தக் கொறச்சிருதாரு.’

அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தேன். நூல் பிடித்துப் பார்க்க அதில் ஒன்றுமே இல்லை. குறையான படம்.

ஐயா, எத்தனை தடவைதான் ‘இங்கே, இங்கே’ என்பீர்கள்? வண்டிச் சத்தம் கேட்டது, திரும்பினேன். கேஸ் வண்டி. போய்விட்டது.

மறைக்க என்ன இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நாளை டவுனில் வடிவின் தங்கை வீட்டுக் கல்யாணம். அதற்கு மகள் வந்திருக்கிறாளாம். இன்றைக்குக் காலையில் வடிவு தோசை போட்டுக்கொண்டே, யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்: ‘சாயங்காலம் இந்தப் பக்கம் வந்தாலும் வருவா. அப்பா படம் வரையச் சொல்லியிருக்காகன்னேன். யாரப் பாக்குற மாதிரின்னு கேட்டா.’ அதற்காகத்தான் உங்களை இன்றைக்கு வரச் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களுக்கு நேற்றே சொல்லியாயிற்று. சாயங்காலம் வரச் சொல்லி இன்று காலையில் போன் போட்டு மாற்றியது வெளிச்சத்துக்காக.

முடிந்துவிட்டதா? முகம் மட்டுமா? திருப்புங்கள். பார்ப்போம்.

...

இது என்ன?

இது என்ன ஐயா? நான் என்ன சொன்னேன், நீங்கள் என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்? இதென்ன கண்? எங்கே பார்க்கிறேன் நான்? எதிரில் நிற்கிறவனை விட்டுவிட்டு, அவன் தோளுக்கு மேலே, எங்கோ... இதுதானே அவன்! பாதி திறந்த உதடு வேறு! ஞானசிகாமணிக்குக் கண்ணாடி மாட்டிவிட்ட மாதிரி இருக்கிறதே! இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து ஆணியில் மாட்டினால் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்பார்கள். அந்த முதல்வர் இருக்கிறாரே, ‘ஆகா, நாளைய தமிழகம்’ என்று ஆரம்பித்துவிடுவார். நான் செத்துத் தொலைந்திருப்பேன், எழுந்து வந்து மறுக்கவும் முடியாது!

அழியுங்கள். கண்ணை அழித்து நேராகப் போடுங்கள்.

உள்ளபடிதான் வரைந்தீர்களா? நான் அப்படிப் பார்க்கவில்லை ஐயா. எழுபது வயதில் கனவு காண எனக்கு என்ன...

எங்கே எழுந்து வருகிறீர்கள்? ஏன் என் பின்னால் வந்து நிற்கிறீர்கள்?

ஓ. என் தலைக்குப் பின்னால் நின்று பார்க்கிறீர்களாக்கும். என் முறையை என்னிடமே. சரி, பாருங்கள். நன்றாகக் குனிந்து பாருங்கள். என்ன தெரிகிறது? சொல்லவேண்டாம். எனக்குத் தெரியும்.

வடிவு, நீ உள்ளே போ. சிரிக்காதே.

உட்காருங்கள். நாற்காலியைத் திருப்பிப் போடட்டுமா என்று கேட்காதீர்கள். நாற்காலி இங்கேதான் இருக்கும். கண்ணையும் அழிக்கவேண்டாம். அப்படியே இருக்கட்டும். ஆனால் ஒன்று. இதைப் பார்க்கிறவர்கள் கனவு என்று நினைத்துவிடக் கூடாது. கேட்டையும் படத்தில் வரைந்துவிடுங்கள்.

உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதை எப்படி வரைவதா? கண்ணாடியில் ஏதோ தெரிகிறது என்று முதலிலேயே குறைப்பட்டீர்களே. என்ன தெரிகிறது? சன்னல். சன்னலுக்குள்? அதுதான். அதை வரையுங்கள். சின்னதாக, இரண்டு கண்ணாடியிலும். கிட்டே வந்து பார்க்கிறவனுக்குத் தெரியட்டும். இந்த மனிதன் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான், வேறொன்றும் இல்லை என்று தெரியட்டும்.

திறந்திருப்பது போல வரையவா? கூடாது. மூடியிருந்தால் மூடியபடிதான் வரையவேண்டும். இல்லாததை வரைவதற்கு நான் என்ன ஞானசிகாமணியா?

வெளிச்சம் போவதற்குள் கையை ஓட்டுங்கள். இல்லை, இருங்கள். அதற்கு முன்னால் எழுந்துபோய், கேட்டில் கொண்டி போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

படத்துக்காகத்தான்.